பள்ளி நேரத்தை ஒரு மணி நேரம் கூட்டினா பிள்ளைங்களுக்கு நல்லதா, கெட்டதா?

கேரளாவுல 2025ல எட்டாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் காலைல கால் மணி, சாயங்காலம் கால் மணின்னு நேரத்தைக் கூட்டினாங்க இல்லையா, அதுல இருந்து எங்க ஸ்டாஃப் ரூம்லயும் இதே பேச்சுதான். நான் கிராமத்துப் பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளில கணக்கு டீச்சர். நான் சொல்றது இதான்: ஸ்கூல் கேட்டை லேட்டா மூடுங்க, பீரியடைக் கூட்டாதீங்க.

கடைசி பீரியட்ல அல்ஜிப்ரா எடுத்துப் பாருங்க, புரியும். ஏழரை மணிக்கு பஸ் ஏறின பிள்ளை, மத்தியானம் சத்துணவு சாப்பிட்டது, நாலு மணிக்கு அதுக்கு போர்டு தெரியுமே தவிர மண்டைல எதுவும் ஏறாது. அதுக்கு மேல இன்னொரு பீரியட் வச்சா சிலபஸ் முடிஞ்சதுன்னு ரெக்கார்டுல எழுதிக்கலாம், அவ்ளோதான். இருக்கிற பி.இ.டி. பீரியடையே கணக்குக்கும் சயின்ஸுக்கும் எடுத்துக்கறாங்க, கூட்டற நேரம் மட்டும் விளையாட்டுக்குப் போகும்னு நான் நம்பல.

ஆனா நேரமே வேணாம்னு சொல்றவங்களோடவும் எனக்கு ஒத்துப் போகல. பிள்ளைங்களை ஃப்ரீயா விடுங்கன்னு சொல்றாங்க, எங்க பிள்ளைங்களுக்கு ஸ்கூல் விட்டா ஃப்ரீ டைம் எங்க இருக்கு, தண்ணி பிடிக்கணும், ஆடு ஓட்டிட்டு வரணும், தம்பி தங்கச்சியைப் பாத்துக்கணும், பொம்பளப் பிள்ளைன்னா அடுப்படி வேலையும் சேந்துக்கும். 1953ல ராஜாஜி ஆட்சில தொடக்கப்பள்ளி நேரத்தை மூணு மணி நேரமா குறைச்சு, மிச்ச நேரம் குடும்பத் தொழிலைக் கத்துக்கட்டும்னு கொண்டு வந்தப்போ குலக்கல்வின்னு சொல்லி அவ்ளோ பெரிய எதிர்ப்பு வந்ததுக்குக் காரணமும் இதுதானே, 1954ல காமராஜர் வந்துதான் அதை எடுத்தார். ஏழைப் பிள்ளைக்கு ஸ்கூல்ல இருக்கிற நேரம் ஒரு பாதுகாப்பு.

டவுன்ல வசதியான வீட்டுப் பிள்ளை ஸ்கூல் முடிஞ்சதும் டியூஷன் போயிடுது, அதோட நாள் ஏற்கெனவே ராத்திரி எட்டு மணி வரைக்கும் நீண்டுதான் இருக்கு, காசு குடுத்து வாங்கின நேரம். ஒரே ரூம் இருக்கிற வீட்டுல, டிவி சத்தத்துல, சந்தேகம் கேக்க ஆளில்லாம உக்காந்திருக்கிற பிள்ளைக்கு அந்த நேரத்தை யார் குடுக்கறது? காலாண்டுல ஃபெயில் ஆன பிள்ளைங்க சாயங்காலம் பக்கத்துல உக்கார வச்சு ஒரு ஒரு கணக்கா போட வச்சதுல பப்ளிக்ல பாஸ் ஆனதை நான் பாத்திருக்கேன். அதனாலதான் கேட்டைத் திறந்து வைங்கன்னு கேக்கறேன்.

இதுல இடிக்கிறது பஸ்ஸும் பசியும்தான். நாலரை பஸ்ஸை விட்டா அடுத்தது ஆறரைக்குன்னா எந்த அம்மா பொண்ணை விடுவாங்க? ஸ்பெஷல் கிளாஸ்ல பாதிப் பொண்ணுங்க நடுவுலயே எழுந்து ஓடறது படிப்பு பிடிக்காம இல்ல. சாப்பாடும் அப்படித்தான், 2022ல ஆரம்பிச்ச காலை உணவுத் திட்டம் அஞ்சாவது வரைக்கும், சத்துணவு பத்தாவது வரைக்கும். அதிக நேரம் உக்கார்ற ப்ளஸ் டூ பிள்ளைக்கு ரெண்டுமே இல்ல. ஒரு கப் சுண்டல் குடுத்துட்டு உக்கார வைங்க, வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

கொரோனாவுக்கு அப்புறம் 2021ல வந்த இல்லம் தேடிக் கல்வி எனக்குப் பிடிச்சது இதனாலதான். சாயங்காலம் ஒன்றரை மணி நேரம்தான், பிள்ளையோட தெருவுலயே, பாட்டு விளையாட்டோட, தன்னார்வலர் வச்சு நடத்தினாங்க, பஸ் பிரச்சினையே வரல.

டீச்சர்ஸ் பக்கமும் கொஞ்சம் பாருங்க. கல்வி உரிமைச் சட்டத்துல தயாரிப்பு நேரத்தையும் சேத்து வாரத்துக்கு 45 மணி நேரம்னு இருக்கு, அதுக்கு மேல நோட்டு திருத்தறது, எமிஸ்ங்கற அரசு ஆன்லைன் தளத்துல பிள்ளைங்க விவரம் பதியறது எல்லாம் இருக்கு. எங்களையே சாயங்காலமும் நிக்கச் சொல்லாம தன்னார்வலருக்குச் சம்பளம் குடுத்துப் போடலாம்.

எங்க ஊருக்கு வர்ற டவுன் பஸ்ஸை அஞ்சே முக்காலுக்கு விடச் சொல்லி டெப்போல மனு குடுத்திருக்கோம். அது கிடைச்சா வர்ற ஜூன்ல இருந்து எட்டாவது, ஒன்பதாவதுக்கும் லைப்ரரியையும் கிரவுண்டையும் அஞ்சரை வரைக்கும் திறந்து வைக்கலாம்னு ஹெச்.எம். சொல்லியிருக்காங்க, இஷ்டப்பட்ட பிள்ளைங்க மட்டும் இருந்தா போதும்.