வீடு வாங்கல், விற்றல்: கேள்வி – பதில்

வத்தளை வீட்டை விற்கப் போகிறேன். எனர்ஜி ரேட்டிங் சான்றிதழ் எடுக்காமல் விற்க முடியாது என்று புரோக்கர் பணம் கேட்கிறார். – வத்தளை

கொடுக்காதீர்கள். குடியிருக்கும் வீட்டை விற்க இலங்கையில் அப்படியொரு சான்றிதழ் தேவையில்லை. நிலைபெறுதகு வலு அதிகாரசபையின் நட்சத்திர லேபல் மின்விசிறி, பல்ப் போன்ற பொருட்களுக்கு உரியது. வாங்க வருபவருக்குக் கடைசி 12 மாதக் கரண்ட் பில்லைக் காட்டுங்கள். நகர சபையோ பிரதேச சபையோ தந்த இணக்கச் சான்றிதழும் வரி கட்டிய ரசீதுகளும் கையில் இருக்கட்டும்.

கடலோரமாக, முப்பது வருடப் பழைய தொடர்மாடியில் ஒரு வீடு பார்த்திருக்கிறோம். வங்கியின் மதிப்பீட்டாளர் ஓகே சொல்லிவிட்டார். தனியாகப் பொறியியலாளரையும் கூட்டிப்போக வேண்டுமா? – வெள்ளவத்தை

கட்டாயம் வேண்டும். மதிப்பீட்டாளர் உங்களுக்காக வரவில்லை. நீங்கள் கடனைக் கட்டாமல் விட்டால் வீட்டை விற்று வங்கி எவ்வளவு எடுக்கலாம் என்பதுதான் அவருடைய கணக்கு. அவருக்குரிய கட்டணத்தை நீங்கள் கட்டுவதால் அறிக்கையும் உங்களுக்கானது என்று நினைத்துவிடுகிறீர்கள். அவர் சீலிங்கைத் தட்டிப் பார்ப்பதில்லை, மேன்ஹோலைத் திறப்பதில்லை. இதை எத்தனை தடவை எழுதினாலும் "வங்கியே பார்த்துவிட்டது" என்ற கடிதம் வந்துகொண்டே இருக்கிறது.

கடலோரக் கட்டடங்களுக்கு உப்புத்தான் நோய். காற்றில் வரும் உப்பு கொங்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியை அரிக்கும். துரு இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிப்பதால், உள்ளிருந்து தள்ளித் தள்ளிக் கொங்கிரீட்டை வெடிக்கவைக்கும். பல்கனியின் அடிப்பக்கத்தையும் பீம்களின் ஓரத்தையும் பத்து ரூபாய்க் குற்றியால் தட்டுங்கள். நல்ல கொங்கிரீட் கணீரென்று கேட்கும். பொள்ளல் சத்தம் வந்தால் உள்ளே பூச்சு விட்டுவிட்டது. புதிதாகப் பெயின்ட் அடித்த இடத்தை முதலில் தட்டுங்கள். டோர்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால், ஒட்டுப் போட்ட இடமெல்லாம் மேடு பள்ளமாகத் தெரியும்.

அடுத்தது குளியலறை. தண்ணீர் போகும் துவாரத்தைத் துணியால் அடைத்து, ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி, 24 மணி நேரம் கழித்துக் கீழ்வீட்டுச் சீலிங்கைப் பாருங்கள். நான் வாங்கிய பழைய வீட்டில் இதைச் செய்யாமல் விட்டதால் குளியலறைத் தரை முழுவதையும் உடைக்க வேண்டியதாயிற்று.

எல்லாக் குழாயையும் பூட்டிய பிறகும் தண்ணீர் மீட்டரின் சின்னச் சக்கரம் சுற்றினால் எங்கோ ஒழுக்கு இருக்கிறது. ட்ரிப் சுவிட்சில் 'டி' பொத்தானை அமுக்கியதும் கரண்ட் நிற்க வேண்டும். அது சுவிட்ச் வேலை செய்வதை மட்டுமே காட்டும். எர்த் சரியாக இருக்கிறதா என்பதை மின்னியலாளர் கருவி வைத்து அளந்துதான் சொல்ல வேண்டும்.

மாடி வீட்டு உரிமையாளர்கள் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்திடம் பராமரிப்புக் கட்டண நிலுவை இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள்.

15 லட்சம் முற்பணம் கொடுத்துவிட்டோம். கையில் ரசீது மட்டும்தான். இப்போது ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு வெடிப்புத் தெரிகிறது. – தெஹிவளை

பார்க்காமல் ஏன் கொடுத்தீர்கள்? நொத்தாரிசு முன் எழுதாத காணி, வீட்டு உடன்படிக்கை செல்லாது என்ற சட்டம் 1840இலிருந்து இருக்கிறது. வீட்டை எழுதித்தரும்படி வழக்காட அந்த ரசீது போதாது. பணத்தைத் திருப்பிக் கேட்பதற்கு அது சான்று. பத்திரமாக வைத்துக்கொண்டு சட்டத்தரணியைப் பாருங்கள். வெடிப்பின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். கோட்டைத் தாண்டி வளர்ந்தாலோ அகலம் 5 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ அத்திவாரத்தைப் பொறியியலாளர் பார்த்தாக வேண்டும்.

எடின்பரோவில் அண்ணா வீட்டை விற்கிறார். வீட்டு அறிக்கையை அவரே எடுக்க வேண்டுமாம். லண்டனில் எங்கள் மாமா அப்படி எடுக்கவில்லையே? – கொழும்பு 13

இருவரும் சரி. ஸ்கொட்லாந்தில் 2008 டிசம்பரிலிருந்து விற்பவர்தான் 'ஹோம் ரிப்போர்ட்' தயாரிக்க வேண்டும். அதில் வீட்டின் நிலை, எரிசக்தி அறிக்கை, விற்பவர் நிரப்பும் கேள்விக்கொத்து மூன்றும் உண்டு. சந்தைக்கு விடும்போது அது 12 வாரத்துக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது. இங்கிலாந்தில் விற்பவர் எரிசக்திச் சான்றிதழ் கொடுத்தால் போதும். ஏ முதல் ஜி வரை தரம், 10 வருடம் செல்லும். வீட்டின் நிலையை வாங்குபவர் தன் செலவில் சோதிப்பார்.

கணவர் இல்லை. சேமிப்பு முழுவதையும் போட்டு வாங்கிய வீடு. ஒழுக்கு உண்டா என்று இரண்டு தடவை கேட்டேன், இல்லை என்றார்கள். முதல் மழைக்கே அலுமாரி நின்ற சுவர் நனைந்து, புதுப் பெயின்டுக்கு அடியில் பழைய தார்ப்பூச்சு தெரிகிறது. – கொட்டாஞ்சேனை

அம்மா, நீங்கள் கேட்க வேண்டியதைக் கேட்டிருக்கிறீர்கள். பிழை உங்களுடையதல்ல. தெரிந்த குறையை மறைத்து விற்றவர் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது, உறுதியில் 'உள்ளபடியே' என்று எழுதியிருந்தாலும். ஒழுக்கை அடைக்க முன்பே பூசிய அந்தத் தார்ப்பூச்சுத்தான் உங்கள் பலமான சான்று. திகதி தெரியும்படி படமெடுங்கள். விற்றவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். பட்டயப் பொறியியலாளர் ஒருவரிடம், ஒழுக்கு எவ்வளவு காலப் பழையது, திருத்த என்ன செலவாகும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதைச் சட்டத்தரணியிடம் கொடுத்துக் கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள். அந்த அறிக்கை கைக்கு வரும்வரை மேசன் பாஸ்மாரைச் சுவரில் கை வைக்க விடாதீர்கள்.