ஜெர்மனியின் ரைன் பள்ளத்தாக்கில், பிங்கனிலிருந்து கோப்லென்ஸ் வரை கோட்டைகளைப் பார்த்தபடி சைக்கிளில் போகக் கரையோரப் பாதை போதுமா? கிராவல் சைக்கிள் (சரளைப் பாதைக்கென்றே அகல டயர் போட்டது) அவசியமா?

கரையோரப் பாதையில் போனால் கோட்டைகளைப் பார்க்கலாம். அவை ஏன் அந்த இடத்தில் நிற்கின்றன என்பது மட்டும் பிடிபடாது. அதற்கு மேட்டுச் சரளைச் சாலைகளில் ஏறி, கோட்டைகளின் முதுகுப் பக்கமாக வந்து இறங்க வேண்டும். கிராவல் சைக்கிள் அவசியம் என்று நான் சொல்வது அதனால்தான்.

நீங்கள் ஜெர்மனிக்கு வேலைக்கு வந்தவர், கையில் இரண்டு மூன்று நாள் விடுமுறை இருக்கிறது, ஓரளவு ஓட்டிப் பழக்கமும் உண்டு என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பிங்கனிலிருந்து கோப்லென்ஸ் வரை என்று கேட்டிருக்கிறீர்கள். 2002இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பகுதி அதுதான். சுமார் 65 கிலோமீட்டர் நீளத்தில் இரு கரையிலுமாக ஏறக்குறைய நாற்பது கோட்டைகள். கரையோரம் சமதளம், வழி தவறவே வாய்ப்பில்லை. குழந்தைகளோடு போகிறவர்களுக்கும் முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் அதைவிட நல்ல பாதை கிடைக்காது. அந்தப் பாதையில் போகிறவர்களை நான் மட்டம் தட்டுவதாக யாரும் கிளம்ப வேண்டாம்; நானும் அங்கே ஓட்டியவன்தான்.

ஆனால் அந்தப் பாதையில் பெரும்பகுதி தூரம் ஒரு பக்கம் நெடுஞ்சாலை, அதை ஒட்டியே ரயில் தண்டவாளம். இரு கரையிலும் ரயில் ஓடுகிறது. நீளநீளமான சரக்கு ரயில்கள் இரவு பகல் பாராமல் போகும்போது பள்ளத்தாக்கே அதிரும். அந்த இரைச்சலுக்கு நடுவே அண்ணாந்து பார்த்தால் பாறை மேல் ஒரு கோட்டை. கொஞ்ச தூரத்தில் இன்னொன்று. எல்லாம் ஆற்றுக்குக் காட்டும் அதே முகம். மூன்றாவது கோட்டைக்குப் பிறகு எது எதுவென்று நினைவில் தங்குவதில்லை.

ரைன் ஆறு இங்கே ஒரு பீடபூமியை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. இடக்கரையில் ஹுன்ஸ்ரூக், வலக்கரையில் டவுனஸ். ஆற்று மட்டத்திலிருந்து சுமார் முன்னூறு மீட்டர் ஏறிவிட்டால் மேலே வயல்களும் பீச் (beech) மரக் காடுகளும் வனத்துறையின் சரளைச் சாலைகளும் விரிந்து கிடக்கும். மரம் ஏற்றும் லாரிக்காகப் போட்ட அகலமான சாலைகள் அவை. ஆற்றில் வந்து சேரும் ஒவ்வோர் ஓடையும் அந்த மேட்டை ஆழமாக வெட்டியிருப்பதால் மேலேயே நெடுக ஓட்டிக்கொண்டிருக்க முடியாது. இறங்கி, ஊரைத் தொட்டு, மறுபடி ஏற வேண்டும். ஒரு நாளில் அப்படி நான்கு முறை ஏறினாலே 1200 மீட்டர் ஏற்றம் சேர்ந்துவிடும். உடம்பு நோகும், மறைக்க ஒன்றுமில்லை.

சென்ற இலையுதிர் காலத்தில் அப்படித்தான் ஓபர்வேசலுக்கு மேலிருந்து திராட்சைத் தோட்டங்கள் வழியாக இறங்கிக்கொண்டிருந்தேன். முந்தைய இரவு நல்ல மழை. இந்தச் சரிவுகளெல்லாம் சிலேட்டுப் பாறை. பள்ளியில் நாம் எழுதிய சிலேட்டின் அதே கல்தான். தகடு தகடாகப் பெயர்ந்து பாதையெங்கும் கிடக்கும். பகலில் வெயிலை வாங்கி வைத்து இரவில் கொடிகளுக்குச் சூட்டைத் திருப்பித் தருவதால் ரீஸ்லிங் திராட்சைக்கு அது உயிர். சைக்கிள்காரனுக்கு அப்படியில்லை. கத்தி முனை போன்ற ஒரு சில்லு பின் டயரின் பக்கவாட்டில் கட்டைவிரல் அகலத்துக்குக் கிழித்துவிட்டது. டயருக்குள் ஊற்றியிருந்த பால் போன்ற அடைப்புத் திரவம் தாரையாக வெளியே பீய்ச்சியது. சிறு துளையை அடைக்கத்தான் அது உதவும், இந்த அளவு கிழிசலுக்கு ஒன்றும் செய்யாது.

பக்கத்துச் சரிவில் ஒரு பெரியவர் ஒற்றைத் தண்டவாள வண்டியில் ஏறி வந்துகொண்டிருந்தார். நிற்கவே முடியாத சரிவுகளில் தோட்டக்காரர்கள் இதை வைத்திருக்கிறார்கள். பல் பல்லாக வெட்டிய ஒரு இரும்புத் தண்டவாளம், அதைக் கவ்வி ஏறும் சிறிய பெட்ரோல் எஞ்சின், ஓர் இருக்கை, பின்னால் பழக்கூடைகளுக்கான தட்டு. எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தவர் ஒன்றும் கேட்கவில்லை. டயரைத் திருப்பிப் பார்த்தார், இடுப்பிலிருந்த கொடி வெட்டும் கத்தரியால் பழைய ரப்பர் குழாய் ஒன்றிலிருந்து ஒரு துண்டை நறுக்கித் தந்தார். அதைக் கிழிசலுக்கு உள்பக்கம் வைத்து, புதிய ட்யூப் போட்டுக் காற்றடித்தேன். கோப்லென்ஸ் வரை தாங்கியது.

அவரிடம் ஷோன்பர்க் கோட்டைக்கு வழி கேட்டபோது, “ஆற்றுப் பக்கம் எல்லாரும் பார்ப்பதுதான். நீ மேலிருந்துதானே வருகிறாய், அப்படியே போ” என்றார். போனேன். ஆற்றிலிருந்து பார்த்தால் அழகான கோபுரங்களாகத் தெரியும் ஷோன்பர்க், மேட்டுப் பக்கம் வேறு ஆளாக நிற்கிறது. ஜன்னலும் அலங்காரமும் இல்லாத ஒரு பெருமதில் வானத்தை மறைக்கிறது. இந்தக் கோட்டைகள் பலவும் மலையிலிருந்து ஆற்றை நோக்கி நீளும் பாறை நுனியில் கட்டப்பட்டவை. மூன்று பக்கம் செங்குத்து, ஏறி வர முடியாது. மலையோடு ஒட்டியிருக்கும் நான்காவது பக்கம்தான் பலவீனம். ஆகவே அந்தப் பக்கம் பாறையைக் குடைந்து அகழி வெட்டினார்கள், இருப்பதிலேயே தடித்த மதிலை அங்கேதான் எழுப்பினார்கள். அவ்வளவு செய்தும் 1689இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் படை ஷோன்பர்க்கையும் பக்காரக்கிலுள்ள ஸ்டாலெக்கையும் தகர்த்தது. (ஸ்டாலெக் இன்று இளைஞர் விடுதி. முன்பதிவு செய்தால் நீங்களே அங்கே தங்கலாம்.)

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் அப்பா ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். செஞ்சிக் கோட்டைக்கு மாணவர்களை அழைத்துப் போய் ஒவ்வொரு வாயிலையும் நிறுத்தி நிதானமாக விளக்கியவர். அவரும் அம்மாவும் இங்கே வந்திருந்த சமயம் எனக்கு விடுப்பு கிடைக்காததால், நம்மவர்களுக்கென்றே நடத்தும் ஒரு சுற்றுலா நிறுவனத்தில் பணம் கட்டி ரைன் சுற்றுலாவுக்கு அனுப்பினேன். மார்க்ஸ்பர்க் கோட்டைக்குள் போவதாக நிகழ்ச்சி நிரலில் அச்சடித்திருந்தார்கள். இந்தப் பகுதி மலைக்கோட்டைகளில் ஒருபோதும் அழிக்கப்படாத ஒன்று அது. போகவில்லை. நேரமில்லையாம். ஆனால் பரிசுப் பொருள் கடையில் நிற்க ஒன்றரை மணி நேரம் இருந்தது. “எதிரி எந்தப் பக்கமாக வந்திருப்பான்?” என்று படகில் அப்பா கேட்டதற்கு, வலப்பக்கம் நல்ல புகைப்படம் வரும் என்று வழிகாட்டி ஒலிபெருக்கியில் பதில் சொன்னாராம். எழுபது வயதுக்கு மேல் பத்து மணி நேரம் விமானத்தில் வந்த மனிதருக்கு இதுதான் மரியாதையா? பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. வயதானவர்கள் என்றால் கடையும் புகைப்படமும் போதும் என்று யார் முடிவு செய்தது?

அப்பாவின் கேள்விக்குப் பதில் ஷோன்பர்க்கின் பின்மதிலில் இருந்தது. சங்க்ட் கோவாருக்கு மேலுள்ள ரைன்ஃபெல்ஸில் இன்னும் தெளிவாக இருக்கிறது. கட்செனெல்ன்போகன் பிரபு ஒருவர் 1245இல் கட்டத் தொடங்கியது அது. ஆற்றில் போகும் சரக்குக்குச் சுங்கத்தை உயர்த்தினார் என்று ரைன் நகரங்கள் ஒன்றுகூடி ஓராண்டும் 14 வாரமும் முற்றுகையிட்டன; வீழ்த்த முடியவில்லை. 1692இல் பிரெஞ்சுப் படையாலும் பிடிக்க முடியவில்லை. கடைசியில் 1794இல் சண்டையே இல்லாமல் கைமாறி, பிறகு வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. சுங்கம்தான் இந்தப் பள்ளத்தாக்கின் கதை. கவுப் ஊருக்கு எதிரே ஆற்று நடுவில் கப்பல் போல நிற்கும் ஃபால்ஸ்கிராஃபன்ஸ்டைன், மன்னர் லுட்விக் சுங்கம் வசூலிப்பதற்காகவே எழுப்பியது. இதை மட்டும் தாராளமாகக் கரையிலிருந்தே பாருங்கள்.

வலக்கரையில் லீபன்ஸ்டைனும் ஸ்டெரன்பர்க்கும் அடுத்தடுத்து நிற்கின்றன. பகையான இரு சகோதரர்கள் நடுவே சுவர் எழுப்பிக்கொண்டார்கள் என்று படகில் கதை சொல்வார்கள். மேட்டிலிருந்து இறங்கி வந்தால் ஸ்டெரன்பர்க்கின் தடித்த மதில் மேட்டைப் பார்த்து நிற்பது கண்ணில் படும். லீபன்ஸ்டைன் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. கதைக்கு விதை எங்கே விழுந்தது என்று விளங்கிவிடும்.

இனி நீங்கள் கேட்டது. 40 முதல் 45 மில்லிமீட்டர் அகல டயர், பக்கவாட்டு தடித்ததாக இருக்கட்டும். ட்யூப்லெஸ் ஆனாலும் ஒரு ட்யூபும் ஒரு ரப்பர் துண்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இறக்கங்கள் நீளமானவை, டிஸ்க் பிரேக் வேண்டும். விலை உயர்ந்த சைக்கிள் வாங்கச் சொல்லவில்லை; கிராவல் சைக்கிள் கிடைக்காவிட்டால் வாடகைக்குக் கிடைக்கும் மலை சைக்கிளே தாராளம். இது பணக்காரர் பொழுதுபோக்கு என்பவர்கள் அந்தத் தோட்டச் சாலைகளில் பால்காரர் சைக்கிள் மாதிரி ஒன்றை மிதித்துப் போகும் உள்ளூர்ப் பாட்டிகளைப் பார்த்ததில்லை. ஆற்றின் இரு மேட்டிலும் நடப்பவர்களுக்கென்று குறியிட்ட நெடும்பாதைகள் போகின்றன. அவற்றின் ஒற்றையடித் துண்டுகளில் ஏறாதீர்கள், அகலமான வனச்சாலையே போதும்.

பிங்கனுக்கும் கோப்லென்ஸுக்கும் இடையில் ஒரு பாலம்கூடக் கிடையாது, படகுத்துறைகள்தான். சைக்கிளை ஏற்றிக்கொள்வார்கள். வெள்ளக் காலத்தில் ஓடாது, மாலையில் சீக்கிரம் நின்றுவிடும் இடங்களும் உண்டு. ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் பக்காரக்கில் ரயிலிலிருந்து இறங்கி மேடேறி, ஷோன்பர்க், ரைன்ஃபெல்ஸ் இரண்டையும் பின்பக்கமாகப் பார்த்துவிட்டு சங்க்ட் கோவாரில் ரயில் ஏறுங்கள். குளிர்காலத்தில் பல கோட்டைகள் மூடியிருக்கும், ஆகவே ஏப்ரலுக்கும் அக்டோபருக்கும் இடையில் போங்கள்.