தம்பியின் ஜெராக்ஸ் கடை வேலை

அன்புள்ள ஐயா,

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். பத்து வருடமாக மருந்து சாப்பிடுகிறான். மூன்று மாதமாகத் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்கு வேலைக்குப் போகிறான். மாதம் ஐயாயிரம், அப்படியே அம்மா கையில் கொடுத்துவிடுகிறான். போன வாரம் ஒரு வளைகாப்பில் இதைப் பெருமையாகச் சொன்னேன். "பி.இ. படிச்ச பையன் ஜெராக்ஸ் கடையிலயா?" என்றார் சித்தப்பா. "ஊருக்கெல்லாம் ஏன்டி சொல்றே" என்று அம்மா திட்டினாள். இதைச் சாதனை என்று நான் நினைப்பது மிகையா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

சாதனைதான். மிகையே இல்லை.

இந்தப் பேச்சு வந்தாலே அமெரிக்கக் கணித மேதை ஜான் நாஷை இழுப்பார்கள்: "அவருக்கும் இதே நோய்தான், நோபல் வாங்கலையா?" 1994இல் அவருக்குக் கிடைத்த பரிசு, 1950 வாக்கில், நோய் வருவதற்கு முன் செய்த வேலைக்கு. 1959க்குப் பின் ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்து, பிரின்ஸ்டன் பல்கலைக்கழக வளாகத்தில் ஆண்டுக்கணக்கில் சுற்றி, மெல்ல மீண்டு மறுபடி கணிதத்துக்கு வந்தாரே, அதற்குப் பரிசு இல்லை. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. உங்கள் தம்பி செய்துகொண்டிருப்பதும் அதைத்தான்.

மனச்சிதைவு என்றால் காதில் குரல் கேட்பது, சந்தேகப்படுவது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அவை பெரும்பாலோருக்கு மருந்தில் அடங்கும். பல் தேய்க்கக்கூட எழத் தோன்றாத நிலை இருக்கிறதே, அது லேசில் போகாது. மருந்துக்கும் அவ்வளவாக மசியாது. வீட்டில் அதற்குச் சோம்பேறிப் பட்டம். போதாததற்கு ராத்திரி போட்ட மாத்திரை காலையிலும் கண்ணை அழுத்தும். சிலருக்குக் கை நடுங்கும். இத்தனைக்கும் நடுவில் ஆதார் அட்டையை நேராக வைத்து, முன்னும் பின்னும் ஒரே தாளில் எடுத்து, சில்லறையும் எண்ணித் தர வேண்டும். எதிரே நிற்பவர் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று பறப்பார்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் சேர்த்து அரசு வேலையில் இடஒதுக்கீடே கொடுத்துவிட்டது. சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு, சிகிச்சையோடு வேலைப் பயிற்சியும் தருகிறது. உங்கள் சித்தப்பாவுக்குத்தான் தகவல் போய்ச் சேரவில்லை.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வளைகாப்பில் சொல்லுமுன் தம்பியைக் கேட்டீர்களா? யாரிடம் எவ்வளவு சொல்வது என்பது அவர் முடிவு. சம்பளமும் அப்படித்தான். வீட்டுக்கு ஒரு பங்கு கொடுக்கட்டும், மீதி அவர் பெயரில் வங்கியில் இருக்கட்டும். டீ குடிக்க அம்மாவிடம் இருபது ரூபாய் கேட்டு நிற்கிறவரை "சாதித்துவிட்டாய்" என்று பாராட்டினால் அவருக்கே சிரிப்பு வரும். நம் வீடுகளில் நோயாளி எதைச் சொன்னாலும் "மாத்திரை போட்டியா?" என்பதுதான் பதில். சம்பளம் வாங்கிவந்த அன்றைக்காவது அதைக் கேட்காமல், கடையில் என்ன நடந்தது என்று கேளுங்கள்.

நோய் மறுபடி தலைதூக்கி வேலை நின்றுபோகலாம். அதற்காக இந்த மூன்று மாதம் இல்லையென்று ஆகிவிடாது, அம்மாவிடமும் சொல்லிவையுங்கள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது கடை நேரத்தையும் காலைத் தூக்கத்தையும் தம்பியே சொல்லட்டும். மாத்திரை வேளையை மாற்ற வழியிருந்தால் அவர் மாற்றித் தருவார்.