ரெட் டாட் மாட்டியாச்சு, குறி உட்கார மாட்டேங்குது!

கேள்வி: வணக்கம் அண்ணா. மிசோரில செயின்ட் லூயிஸ் பக்கம் இருக்கேன். போன வருஷம் ஆபீஸ் ஃப்ரெண்டோட வான்கோழி வேட்டைக்குப் போய் ஆசை வந்து மாஸ்பெர்க் 500 ஷாட்கன் (ரவைத் துப்பாக்கி) வாங்கினேன், 12 கேஜ். இப்ப அதுல ரெட் டாட் (குறி பார்க்க சிவப்புப் புள்ளி காட்டற சைட்) மாட்டி 40 கஜத்துல சுட்டா எல்லாம் இடது பக்கமே போகுது, ஒவ்வொரு வெடிக்கும் சைட்டோட டயலைத் திருகித் திருகி ஒரு டப்பா தோட்டா காலி. ஏப்ரல்ல சீசன். எங்க தப்பு பண்றேன்?

பதில்: தம்பி, முதல்ல அந்த டயல்ல இருந்து கையை எடுங்க. துப்பாக்கி காலியான்னு பாருங்க, கண்ணால பார்த்தது பத்தாது, தோட்டா உட்கார்ற சேம்பர்ல விரல் விட்டும் பாருங்க. அப்புறம் சைட்டைப் பிடிச்சு ஆட்டுங்க. துளி அசைஞ்சாலும் எத்தனை டப்பா சுட்டாலும் குறி நிக்காது. நானும் முதல் வருஷம் கையால இறுக்கினா போதும்னு விட்டேன், 30 கஜத்துல கழுத்தை நீட்டிக்கிட்டு நின்ன வான்கோழிச் சேவல் அப்படியே பறந்துருச்சு, வீட்டுக்கு வந்து பார்த்தா ரயிலோட (சைட்டைத் தாங்கற பட்டை) பின் ஸ்க்ரூ ரெண்டும் விரலாலயே சுத்துது. அந்த வலி இன்னும் போகல.

உங்க 500ல ரிசீவர் (துப்பாக்கியோட நடு உடம்பு) மேலயே மரை போட்ட ஓட்டை நாலு இருக்கும். ரயிலைக் கழட்டி, ஓட்டை, ஸ்க்ரூ ரெண்டுலயும் எண்ணெய் போக ஆல்கஹால்ல துடைச்சு காய விடுங்க. நீல லாக்டைட் (ஸ்க்ரூ கழலாம பிடிக்கற பசை) ஒரு சொட்டு போதும், சிவப்பு வேண்டவே வேண்டாம், அப்புறம் சூடு பண்ணாம கழட்ட முடியாது. இன்ச்-பவுண்ட் டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்கறோம்னு அளந்து இறுக்கற ஸ்பேனர்) வச்சு மேனுவல்ல போட்டிருக்கற அளவுக்கு இறுக்குங்க, அதுக்கு மேல ஆசைப்பட்டா மரை போயிரும். கடைசியா ஸ்க்ரூ தலையில இருந்து ரயில் வரைக்கும் பெயின்ட் பேனாவால ஒரு சின்ன கோடு, ஸ்க்ரூ நகர்ந்தா கோடு விலகி காட்டிக்கொடுத்துரும். ஒரு நாள் பூரா காயட்டும்.

இப்ப சுடப் போலாம். கண்ணாடி, காது மூடி ரெண்டும் கட்டாயம். 40 கஜம் வேண்டாம், 25ல பெரிய பேப்பர் ஒட்டி மணல் மூட்டை மேல வச்சு சுடுங்க. பேப்பர்ல விழ வைக்க விலை கம்மி தோட்டா போதும், ஆனா கடைசி குறி மட்டும் வேட்டைக்கு எடுத்துட்டுப் போற அதே தோட்டா, அதே சோக்லதான் (ரவை சிதறலைக் கட்டுப்படுத்த குழல் முனையில மாட்டறது) வைக்கணும், ரெண்டுல ஒண்ணு மாறினாலும் ரவை விழற இடம் நகரலாம். ஒரே புள்ளிய பார்த்து 3 வெடி, நடுவுல டயலைத் தொடக்கூடாது. நீங்க பண்ணின தப்பு இதுதான், ஒவ்வொரு வெடியையும் பார்த்து திருகினது. ஷாட்கன்ல ஓரத்துல சிதறினத கணக்குல எடுக்காதீங்க, ரவை நெருக்கமா விழுந்த இடத்தோட நடுவைப் பாருங்க. அது 4 இன்ச் இடது பக்கம்னா, டயலோட ஒரு க்ளிக் 1 எம்ஓஏன்னா (குறி நகர்ற கோண அளவு) 25 கஜத்துல கால் இன்ச் நகரும், ஆக வலது அம்புக்குறி பக்கம் 16 க்ளிக். க்ளிக்குக்கு அரை எம்ஓஏ நகர்ற சைட்னா 32.

அப்புறம் 40 கஜம். ரவை அடர்த்தியா விழுந்த இடத்தை நடுவா வச்சு 10 இன்ச் வட்டம் போட்டு எண்ணுங்க, 100 ரவைக்கு மேல இருந்தா நல்லது, கம்மின்னா 30, 35லயே நிறுத்திக்கோங்க, காயத்தோட ஒரு பறவை காட்டுக்குள்ள ஓடறது ரொம்பக் கொடுமை. ஒரு வெடியாவது காட்டுல உட்கார்ற மாதிரி தரையில முதுகு சாய்ச்சு, முட்டி மேல துப்பாக்கிய வச்சு சுட்டுப் பாருங்க.

கேள்வி: எனக்கு அந்தப் புள்ளி நட்சத்திரம் மாதிரி சிதறித் தெரியுதுண்ணா, சைட் கெட்டுப்போச்சா?

பதில்: காலித் துப்பாக்கியில சைட் வழியா ஃபோன்ல ஒரு ஃபோட்டோ எடுங்க. ஃபோட்டோல உருண்டையா இருந்தா சைட் நல்லாத்தான் இருக்கு, உங்க கண்ணுல அஸ்டிக்மாட்டிசம் (கண்ணோட வளைவு சீரா இல்லாத பார்வைக் குறை) இருக்கலாம், டாக்டர்கிட்ட காட்டி பவர் கண்ணாடி போட்டுட்டே சுடுங்க. புள்ளியோட வெளிச்சத்தையும் குறைச்சு வைங்க, விடியற நேரத்துல அதிகமா வச்சா புள்ளி வீங்கி சேவலோட தலையையே மறைச்சுரும்.