பீட்டில் எஞ்சினை மறுபடி இறக்க வேண்டுமா?

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அப்பா ஓட்டிய 1969 ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார். ஆறு மாதம் முன்பு பிஸ்டன், சிலிண்டர் மாற்றி எஞ்சின் வேலை பார்த்தேன். மதிய வெயிலில் வேலூர் போனால் கிரீன் சர்க்கிள் பக்கம் நிற்கும்போது ஆயில் லைட் மினுக்குகிறது, எஞ்சின் கொதிக்கிறது. மறுபடி பிரிக்கணும் என்கிறார் மெக்கானிக். வேறு எஞ்சினே வாங்கித் தருகிறேன் என்கிறார் ஒரு புரோக்கர்."

இரண்டும் வேண்டாம். முதலில் பின்மூடியைத் திறந்து எஞ்சினைச் சுற்றிப் பாருங்கள். தகடுகளுக்கும் பாடிக்கும் நடுவே ரப்பர் பட்டை இருக்கிறதா? இல்லையென்றால் பெரும்பாலும் வியாதி அங்கேதான். இந்த எஞ்சினுக்கு ரேடியேட்டர் கிடையாது. ஃபேன் மேலிருந்து காற்றை இழுத்து சிலிண்டர்கள் மேல் அடித்துக் கீழே தள்ளுகிறது. மேல் காற்றையும் கீழ் காற்றையும் பிரித்து வைப்பவை அந்தத் தகடும் ரப்பரும்தான். அவை போனால் கீழே தள்ளிய அனலையே ஃபேன் திரும்பக் குடிக்கும். நம் பட்டறைகளில் "காத்து நல்லா வரட்டும்" என்று தகட்டைக் கழற்றி மூலையில் போட்டுவிடுவார்கள். உங்கள் மெக்கானிக்கிடம் அந்த மூலையைக் காட்டச் சொல்லுங்கள்!

அடுத்து டேப்பெட், அதாவது வால்வு இடைவெளி. ராத்திரி முழுக்க ஆறிய எஞ்சினில் 0.15 மி.மீ. வையுங்கள், சூட்டோடு வைக்கக் கூடாது. உங்கள் மாடலில் ஆயில் கூலர் 3-ஆம் சிலிண்டருக்குப் போகும் காற்றை மறைப்பதால் முதலில் அடிபடுவது அதன் எக்ஸாஸ்ட் வால்வுதான். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் அங்கே இடைவெளி குறைந்திருந்தால் ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும்.

ஆயில் மொத்தமே 2.5 லிட்டர். அரை லிட்டர் குறைந்தாலும் சூடு ஏறிவிடும். 20டபிள்யூ-50 ஊற்றுங்கள். நிற்கும்போது மினுக்கி, லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுத்ததும் அணைந்தால் பதற வேண்டாம். ஓடும்போது எரிந்தால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள்.

இன்னொரு சிவப்பு லைட் உண்டு, டைனமோ லைட். மற்ற கார்களில் அது எரிந்தால் பேட்டரி சார்ஜ் ஆகவில்லை, மெல்ல வீட்டுக்குப் போய்விடலாம் என்பார்கள். பீட்டிலில் அப்படி நினைக்கவே நினைக்காதீர்கள். ஃபேன் இருப்பது டைனமோ தண்டில். அந்த லைட் எரிந்தால் பெல்ட் அறுந்திருக்கலாம். பெல்ட் அறுந்தால் ஃபேன் நின்றது, ஃபேன் நின்றால் காற்று நின்றது. காட்பாடி பாலத்தின் மேல் இருந்தாலும் சரி, ஓரம் கட்டிப் பெல்ட்டைப் பாருங்கள். டிக்கியில் ஒரு பெல்ட் எப்போதும் கிடக்கட்டும்.

எஞ்சினைப் பிரிக்கலாமா என்பதற்கு என் சோதனை ஒன்றுதான். வண்டியை அணைத்துவிட்டு கிராங்க் புல்லியை (பெல்ட் ஓடும் கீழ்ச் சக்கரம்) இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள். 'டொக்' என்று ஆடினால் மெக்கானிக் சொல்வது சரி. ஆடாவிட்டால் பணம் மிச்சம்.

புரோக்கர் விஷயம். எஞ்சின் எண் கிராங்க்கேஸ் என்ற எஞ்சின் கூட்டிலேயே, டைனமோ ஸ்டாண்டுக்குக் கீழே அடித்திருக்கும். ஹெட், சிலிண்டர் எதை மாற்றினாலும் எண் மாறாது. முழு எஞ்சினை மாற்றினால் ஆர்.சி.யைத் திருத்த வேண்டும். ஒரு எண்ணைத் திருத்த ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எத்தனை நடை, எத்தனை "நாளைக்கு வாங்க" என்பதைப் பட்டவர்களைக் கேளுங்கள். "ஐம்பது வருஷ வண்டி, விண்டேஜ்ல போட்டுடலாம் சார்" என்பார் புரோக்கர். பழைய வண்டிகளுக்காக 2021-இல் வந்த அந்த விண்டேஜ் விதியில் பதிந்தால் தினமும் ஓட்ட முடியாது, அதை மட்டும் சொல்ல மாட்டார். அவர் தரும் எஞ்சின் எந்த வண்டியில் இருந்தது, அதன் ஆர்.சி. எங்கே என்று கேட்டுப் பாருங்கள். அப்புறம் போனை எடுக்க மாட்டார்.