கேள்வி – பதில்: இயன்முறை மருத்துவம் படிக்கலாமா?

கேள்வி: பிளஸ் டூவில் உயிரியல் பிரிவு படித்து முடித்திருக்கிறேன். எம்.பி.பி.எஸ். இடம் கிடைக்காது என்பது உறுதியாகிவிட்டதால் இயன்முறை மருத்துவ (பிசியோதெரபி) இளநிலைப் பட்டமான பி.பி.டி. சேரலாம் என்று நினைக்கிறேன். ‘கை கால் பிடித்துவிடுவதற்கு நான்கரை வருஷப் படிப்பா?’ என்று என் பெரியப்பா கேட்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?
– வாசகி, பட்டுக்கோட்டை

பதில்: உங்கள் பெரியப்பாவை ஒரு நாள் காலையில் ஏதேனும் ஒரு பெரிய மருத்துவமனையின் எலும்பியல் வார்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து சில நாள்களே ஆன ஓர் அம்மையார் கட்டிலில் படுத்திருப்பார். இயன்முறை மருத்துவர் அவரது தொடை எலும்பின் வெளிப்புற முனையை விரலால் தடவிக் கண்டுபிடித்து, அங்கே மூட்டின் கோணத்தை அளக்கும் கருவியான கோனியோமீட்டரின் நடுப்புள்ளியை வைத்து, அதன் ஒரு கரத்தை இடுப்பின் பக்கவாட்டு எலும்பை நோக்கியும் மறு கரத்தைக் கணுக்காலின் வெளிமுட்டை நோக்கியும் பிடித்து, முழங்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது என்று அளப்பார். நாற்காலியில் உட்கார்ந்து எழ ஏறக்குறைய 90 டிகிரி வேண்டும். இவருக்கோ 70-லேயே நின்றுவிடுகிறது. அது வீக்கத்தாலா, வலியாலா, தொடைத் தசையின் பலவீனத்தாலா, அல்லது வெறும் பயத்தாலா என்று பிரித்தறிய வேண்டும். ஏனெனில் ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு. அதே அம்மையாரின் கெண்டைக்கால் வீங்கி, சூடாகி, தொட்டாலே வலிக்கிறது என்றால், இரத்தம் உறைந்திருக்கக்கூடும் என்று சந்தேகித்துப் பயிற்சியை நிறுத்திவிட்டு அறுவை சிகிச்சை நிபுணருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். எப்போது தொடக் கூடாது என்று தெரிந்துகொள்வதற்கும் சேர்த்துத்தான் அந்த நான்கரை வருஷம்.

முதலாண்டில் உடற்கூறியலும் உடலியங்கியலும் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். பிறகு பயோமெக்கானிக்ஸ் (உடல் அசைவின் இயக்கவியல்), உடற்பயிற்சி சிகிச்சை, மின்சிகிச்சை ஆகியவை வரும். இறுதி ஆண்டுகளில் எலும்பியல், நரம்பியல், இதய-நுரையீரல் பிரிவுகளில் நோயாளிகளை நேரடியாகப் பார்க்கத் தொடங்குவீர்கள். பக்கவாதம் வந்தவரை நடக்கவைப்பதும், தீவிர சிகிச்சைப் பிரிவில் உள்ளவரின் நெஞ்சுச் சளியை வெளியேற்ற உதவுவதும், மூளை முடக்குவாதக் குழந்தையைத் தலை நிமிர்த்தி உட்காரப் பழக்குவதும் இதே படிப்புக்குள்தான் அடங்கும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது பெரியப்பாவின் கேள்வியல்ல, ‘எம்.பி.பி.எஸ். கிடைக்காததால்’ என்ற உங்கள் சொல்தான். இத்தொழிலில் பலன் மெல்லத்தான் வரும். ஒரே நோயாளிக்கு ஒரே பயிற்சியை நாற்பது நாள் சொல்லிக்கொடுத்து, நாற்பத்தோராவது நாள் அவர் தானாகச் சட்டைப் பொத்தானைப் போடுவதைப் பார்த்து மகிழ்கிற மனம் வேண்டும். தனியார் மருத்துவமனைகளில் தொடக்கச் சம்பளம் பெரும்பாலும் குறைவு என்பதையும் மறைக்க விரும்பவில்லை. இவ்விரண்டையும் தெரிந்துகொண்ட பிறகும் விருப்பம் இருந்தால் தாராளமாகச் சேருங்கள்.

கேள்வி: என் மகனை பி.பி.டி. சேர்க்க எண்ணியுள்ளேன். நீட் தேவையா? கல்லூரியை எப்படித் தேர்ந்தெடுப்பது?
– வாசகர், சிவகாசி

பதில்: தமிழ்நாட்டில் அரசு ஒதுக்கீட்டு இடங்களைச் சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள மருத்துவக் கல்வித் தேர்வுக்குழு, பிளஸ் டூவின் இயற்பியல், வேதியியல், உயிரியல் மதிப்பெண்களைக் கொண்டு தரவரிசைப்படுத்திக் கலந்தாய்வு மூலம் நிரப்பி வந்திருக்கிறது. நீட் மதிப்பெண்ணை அடிப்படையாக்கும் முயற்சி தேசிய அளவில் நடப்பதால், உங்கள் மகன் சேரும் ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டைப் படித்த பிறகே எதையும் முடிவு செய்யுங்கள். 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்களுக்காக அமைந்த தேசிய ஆணையம் 2025-இல் வெளியிட்ட பாடத்திட்டம், இதுவரை நான்கரை ஆண்டாக இருந்த படிப்பை, ஓராண்டுப் பயிற்சிக் காலத்துடன் ஐந்தாண்டுகளாக்குகிறது. ஆகவே படிப்புக் காலத்தையும் கல்லூரியில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அரசு இடம் என்றால் சென்னை கே.கே. நகரில் உள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையமும், திருச்சி அரசு இயன்முறை மருத்துவக் கல்லூரியும் முதலில் நினைவுக்கு வர வேண்டியவை. தனியார் கல்லூரி என்றால் கட்டடத்தையும் பளபளக்கும் இயந்திரங்களையும் பார்த்து மயங்காதீர்கள். சொந்தமாகவோ இணைப்பாகவோ மருத்துவமனை இருக்கிறதா, அங்கே நரம்பியல் வார்டும் தீவிர சிகிச்சைப் பிரிவும் உண்டா, மாணவர்களை அங்கே அனுப்புகிறார்களா என்று மூன்றாமாண்டு மாணவர் ஒருவரைத் தனியே கேளுங்கள். முதுகுவலிக்காரர்களை மட்டுமே பார்த்துவிட்டு வெளியே வரும் பட்டதாரி, பக்கவாத நோயாளி முன்னால் திகைத்து நின்றுவிடுவார்.

கேள்வி: இயன்முறை மருத்துவர்கள் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ போடலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: மேற்சொன்ன புதிய பாடத்திட்டம் அதற்கு இடமளித்தது. 2025 செப்டம்பரில் மத்திய சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்குநரகம் போடக் கூடாது என்று கடிதம் எழுதி, உடனேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த வாதம் அவர்களுக்குள் இருக்கட்டும். போடுபவர், தாம் இயன்முறை மருத்துவர் என்பதையும் பலகையில் தெளிவாக எழுதிவிட்டால் நோயாளிக்குக் குழப்பம் வராது.

கேள்வி: பி.பி.டி. இரண்டாமாண்டு படிக்கிறேன். உடற்கூறியலில் மனப்பாடம் செய்தது ஒன்றும் நிற்கவில்லை. நரம்புகள் என்றாலே பயமாக இருக்கிறது.
– மாணவி, கோவை

பதில்: புத்தகத்தை மூடிவிட்டு ஹியூமரஸ் எனும் மேல்கை எலும்பைக் கையில் எடுங்கள். அதன் பின்புறம் நடுப்பகுதியில் சாய்வாகச் சுற்றி இறங்கும் ஒரு வரிப்பள்ளம் இருக்கும். கட்டைவிரலால் அதைத் தடவிப் பாருங்கள். ரேடியல் நரம்பு அந்த வழியாக, எலும்பை ஒட்டியே வருகிறது. அந்த இடத்தில் எலும்பு முறிந்தால் நரம்பும் அடிபடக்கூடும். அடிபட்டால் மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்தும் தசைகளுக்கு உத்தரவு போகாது, கை தொங்கிவிடும். குடித்துவிட்டு நாற்காலியின் முதுகில் கையைப் போட்டபடியே தூங்கிப்போனவருக்கு மறுநாள் காலையில் கை தொங்குவதும் இதே காரணத்தால்தான். இனி அந்த நரம்பின் பாதையை நீங்கள் மறக்க முடியாது.

அடுத்து, அத்தகைய நோயாளி புறநோயாளிப் பிரிவுக்கு வரும்போது, அவரது முன்கையின் பின்புறத்தில் உங்கள் விரல் நுனியை வைத்து, மணிக்கட்டை நிமிர்த்தச் சொல்லுங்கள். கை அசையாது, ஆனால் விரலுக்கடியில் தசை ஒரு நொடி துடித்தால், தசை வலிமையைத் தரப்படுத்தும் அளவில் அது பூஜ்யம் அல்ல, தரம் ஒன்று. புவியீர்ப்பு குறுக்கிடாதவாறு கையைப் பக்கவாட்டில் மேசைமீது கிடத்தியபின் முழுதாக அசைந்தால் இரண்டு. புவியீர்ப்பை எதிர்த்து முழுதாக உயர்ந்தால் மூன்று. ஒன்றுக்கும் பூஜ்யத்துக்கும் உள்ள வித்தியாசத்தை உணர விரலைப் பழக்க வேண்டும், அது தேர்வுக்கு முந்தைய இரவில் வராது. விடுதியில் உங்கள் அறைத்தோழியின் கையில் தினமும் பத்து நிமிடம், ஒரு நாளைக்கு ஒரு தசை என்று, அது தொடங்குமிடத்தையும் முடியுமிடத்தையும் பேனாவால் குறித்துத் தொட்டுப் பாருங்கள். மறுநாள் உங்கள் கையில் அவர் வரையட்டும்.