போக்கர் எங்கே பிறந்தது, எப்படிப் பரவியது? கேள்வி பதில்

கேள்வி: போக்கர் என்ற பந்தயச் சீட்டாட்டம் பாரசீகத்தில் பிறந்தது என்று எங்கள் மாமா அடித்துச் சொல்கிறார். நிஜமா சார்?

பதில்: மாமாமேல் தப்பில்லை, பல புத்தகங்களே அப்படித்தான் எழுதின. ஆஸ் நாஸ் என்ற பாரசீகச் சீட்டாட்டத்தைத்தான் மூலம் என்பார்கள். ஆனால் அதன் ஆட்டமுறை எழுத்தில் கிடைப்பது 1890 வாக்கில். அதற்கு அறுபது ஆண்டு முன்பே மிசிசிப்பி ஆற்றின் நீராவிப் படகுகளில் போக்கர் சக்கைப்போடு போட்டது. பிரெஞ்சுக்காரர்களின் ‘போக்’ ஆட்டம்தான் இதற்கு நெருங்கிய சொந்தம். 1803-ல் லூசியானாவை அமெரிக்கா விலைக்கு வாங்கியபோது, நியூ ஆர்லியன்ஸ் பிரெஞ்சுக்காரர்களோடு அவர்களுடைய சீட்டாட்டமும் சேர்ந்து வந்தது.

கேள்வி: அப்போதும் 52 சீட்டுதானா?

பதில்: இல்லை, 20 சீட்டு. ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி, பத்து, அவ்வளவுதான். 1829-ல் படகில் இந்த ஆட்டத்தைப் பார்த்ததாக ஜோசப் கோவெல் என்ற ஆங்கில நடிகர் எழுதியிருக்கிறார். நாலு பேர், ஆளுக்கு ஐந்து சீட்டு, கட்டு காலி. சீட்டு மாற்றிக்கொள்ள வழியில்லை, ஃப்ளஷ் (ஐந்தும் ஒரே இனச் சீட்டு) கிடையாது. நாலு ஏஸ் வந்துவிட்டால் உங்களை வெல்ல ஆளே இல்லை. பிறகு 52 சீட்டு வந்தது. நிறையப் பேர் உட்கார முடிந்தது, வேண்டாத சீட்டைப் போட்டுவிட்டு வேறு வாங்க முடிந்தது, அதன்பின் இன்னொரு சுற்றுப் பந்தயமும் கட்ட முடிந்தது. என்னைக் கேட்டால் போக்கரின் வரலாறே இதுதான்: பந்தயம் கட்டும் வாய்ப்பு கூடக்கூட ஆட்டம் பரவியது.

கேள்வி: நம்ம ஊர் மூணு சீட்டுக்கும் இதற்கும் உறவு உண்டா அண்ணா?

பதில்: பங்காளி உறவு. மூணு சீட்டின் வேர் ‘பிராக்’ என்ற ஆங்கிலேயர் ஆட்டம். போக்கரிலும் பிராக்கின் சாயல் உண்டு. கையில் ஒன்றுமில்லாமலே மிரட்டிப் பணத்தை அள்ளும் வித்தை இரண்டுக்கும் பொது.

கேள்வி: எங்கு பார்த்தாலும் டெக்ஸாஸ் ஹோல்டெம் என்ற போக்கர் வகைதான். மற்ற வகைகள் என்ன ஆயின?

பதில்: இருக்கின்றன, ஒதுங்கிவிட்டன. ஹோல்டெம் பிறந்தது டெக்ஸாஸின் ராப்ஸ்டவுன் என்ற சிற்றூரில் என்று அந்த மாநிலச் சட்டமன்றமே 2007-ல் தீர்மானம் போட்டது. இரண்டு சீட்டு உங்களுக்கு மட்டும், ஐந்து சீட்டு நடுவில் எல்லோருக்கும் பொது, பந்தயம் நாலு சுற்று. எதிராளி கையில் என்ன இருக்கும் என்று ஊகிக்கப் போதுமான தகவல் கிடைக்கும், முழுசாகக் கிடைக்காது. 1960-களில் லாஸ் வேகாஸுக்கு வந்தது. 1970-ல் பெனி பினியன் தன் ஹார்ஸ்ஷூ சூதாட்ட விடுதியில் ‘உலகத் தொடர்’ என்ற போக்கர் போட்டியைத் தொடங்கினார். முதல் ஆண்டு சாம்பியன் ஜானி மாஸைத் தேர்ந்தெடுத்தது சக ஆட்டக்காரர்களின் ஓட்டு! மறு ஆண்டிலிருந்துதான் கடைசிவரை தாக்குப்பிடித்தவருக்குப் பட்டம்.

கேள்வி: 2003-ல் போக்கர் மோகம் ஏன் திடீரென்று வெடித்தது? இணையமா?

பதில்: இணையம் பாதி, கேமரா பாதி. கேமராவுக்குத்தான் நான் அதிக மார்க் போடுவேன். மூடிய சீட்டை டி.வி.யில் பார்ப்பது பெயின்ட் காய்வதைப் பார்ப்பது போல. ஹென்றி ஓரன்ஸ்டீன், நாஜி வதைமுகாம்களில் தப்பிப் பிழைத்து அமெரிக்கா வந்து பொம்மை வியாபாரத்தில் செழித்தவர், ஆட்டக்காரரின் மூடிய சீட்டைக் கேமரா வழியே காட்டும் மேசைக்குக் காப்புரிமை வாங்கினார். பிரிட்டனில் 1999-ல் அந்த மாதிரிக் கேமராவோடு நிகழ்ச்சி வந்தது. யார் புளுகுகிறார் என்று நேயருக்குத் தெரியும், எதிரே இருப்பவருக்குத் தெரியாது. பிறகென்ன, நாடகம்தான்!

2003-ல் டென்னஸியைச் சேர்ந்த கணக்காளர் கிறிஸ் மனிமேக்கர் (நிஜப்பெயரே அதுதான்) 86 டாலர் இணையப் போட்டி வழியாக உலகத் தொடருக்குள் நுழைந்து 25 லட்சம் டாலர் வென்றார். அந்த ஆண்டு 839 பேர் ஆடினார்கள், அடுத்த ஆண்டு 2,576, 2006-ல் 8,773.

கேள்வி: ஆன்லைனில் ஆடி மாதச் சம்பளம் மாதிரி எடுக்கலாமா அண்ணா?

பதில்: தம்பி, ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களையே தடைசெய்து சட்டம் இயற்றிவிட்டது. சட்டத்தை விடு, கணக்கைப் பார்: ஜெயிப்பவர் எடுக்கும் தொகையில் நடத்துபவருக்கு ஒரு பங்கு போய்விடும். மேசையில் எல்லோரும் சம திறமைசாலிகள் என்றால் எல்லோருக்கும் நஷ்டம்தான். உன்னைவிட மோசமாக ஆடுபவர்கள் தினமும் வந்து உட்கார்ந்தால்தான் நீ சொல்லும் சம்பளம்.